ஓயாத கால்

எங்கள் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலிதான் முதலில் களைத்துப்போகும். உட்கார்ந்த மறு நொடி வலது கால் ஆட ஆரம்பித்துவிடும். முழங்கால் மேலும் கீழும் போய்வரும். மேசைமேல் கிடக்கும் பேனா உருளும், கோப்பைத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். எதிரே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆள், தன் பல்லுக்கு ஏதோ பெரிய கேடு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். "பயப்படாதீங்க, அவரு காலே அப்படித்தான்," என்று சொல்லித் தேற்றுவது என் வேலைகளில் ஒன்று.

எங்கள் பல் கிளினிக் மலேசியாவில், சிரம்பான் டவுனில், ஒரு கடை வரிசையின் மாடியில் இருந்தது. கீழே காக்கா கடை, தமிழ் முஸ்லிம் ஒருவரின் தேநீர்க் கடை. நான் பெடாஸுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து கதவைத் திறப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எதையும் நிதானமாகச் செய்யும் பிறவி நான். என் அம்மா என்னை ஆமை என்றுதான் கூப்பிடுவாள். அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் இப்படிப்பட்ட மனிதரிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டது என் தலையெழுத்து.

முதல் மாதம் முழுக்க எனக்குத் தலை சுற்றியது. தொலைபேசியில் பேசினால் நடந்துகொண்டேதான் பேசுவார். ஒயர் இழுபட்டு, தொலைபேசி தொப்பென்று கீழே விழும். கடையிலிருந்து தே வந்தால் ஆவி பறக்கப் பறக்க நின்றபடி ஒரே மடக்கு. "ஒங்க தொண்ட என்னா தகரமா டாக்டர்?" என்று கடைக் காக்கா மாடியேறி வந்து கேட்டுவிட்டுப் போவார். கோயிலில் தீபாராதனை முடிவதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறார் என்று அவர் மனைவி குறைப்பட்டுக்கொள்வார். கல்யாண வீடுகளுக்குப் போனால் மாப்பிள்ளை கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார். அவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் வாய்க்குள் கை போனால் வேறு ஆள். கை கல்லாக நிற்கும். உடம்பில் உள்ள பதற்றம் முழுவதையும் காலுக்கு இறக்கி அனுப்பிவிட்டு, கையை மட்டும் சும்மா வைத்திருக்கிறாரோ என்று நான் யோசித்ததுண்டு.

அதுவரை பல்லுக்குக் கம்பி என்றால் இரும்புதான். ஒவ்வொரு பல்லின் மேலும் ஒரு குட்டிச் சதுரத்தைப் பசை வைத்து ஒட்டி, அவற்றுக்கு நடுவே கம்பியை ஓட்டி இழுத்துக் கட்டுவார்கள். அந்தச் சதுரத்துக்கு பிராக்கெட் என்று பெயர். சிரித்தால் பள்ளிக்கூட வேலி மாதிரி தெரியும். கல்யாண வயதில் இருக்கும் பெண்கள் அதைக் கண்டாலே மாடிப்படியில் பாதியில் திரும்பிவிடுவார்கள். அதனால் டாக்டர் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு, பல்லின் நிறத்திலேயே பீங்கானில் செய்த பிராக்கெட்டுகளைக் கொண்டுவந்தார்.

"மொதல்ல ஒனக்கு ஒட்டறேன். வர்றவங்களுக்கு வாயத் தொறந்து காட்டு, போதும்லா," என்றார்.

என் முன்பற்கள் இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும். சிறுவயதிலிருந்தே கையால் வாயை மறைத்துச் சிரித்துப் பழகியவள் நான். சரி என்று சொல்ல எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. என்னைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். டவுன் பெண்கள், தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டுப் பெண்கள், ஒரு டீச்சர் என்று கிளினிக் களைகட்டியது. ஒட்டுவது சுலபம். எடுப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது, அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் எடுக்க வேண்டி வந்தது டவுனில் புடவைக் கடை வைத்திருந்தவரின் மகளுக்கு. அமைதியான பெண். பல்லெல்லாம் வரிசைக்கு வந்துவிட்டது. டாக்டர் வழக்கம்போல இடுக்கியை எடுத்தார். இரும்பு பிராக்கெட்டை இடுக்கியால் நெருக்கினால் இரும்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பசை விட்டுவிடும், வேலை முடிந்தது. பீங்கான் வளையாது. முதல் பிராக்கெட் நொறுங்கிச் சில்லு சில்லாகத் தெறித்தது. ஒன்று அவர் மூக்குக்கண்ணாடியில் பட்டுக் கீழே விழுந்தது. "பரவால்ல, பரவால்ல," என்று அடுத்ததற்குப் போனார். அது முன்பல். இடுக்கியைக் கொஞ்சம் திருகினார். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிராக்கெட் முழுசாக வந்துவிட்டது. நான்கூட ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.

அவர் இடுக்கியின் வாயை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். பிராக்கெட்டின் முதுகில் வெள்ளையாக, அரிசிக் குறுணையைப் போல, ஒரு சில்லு ஒட்டியிருந்தது. பசை பல்லை விடாமல், பல்லின் தோலையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கால் நின்றுவிட்டது. அந்தக் கிளினிக்கில் சேர்ந்த நாள்முதல் அது நின்று நான் பார்த்ததில்லை. அறையே திடீரென்று அமைதியான மாதிரி இருந்தது.

மறைத்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. பல் நிறத்துப் பசையைப் பூசி அனுப்பியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? டாக்டர் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"தங்கச்சி, ஒன் பல்லுல ஒரு சில்லு பேந்து வந்துருச்சு. தப்பு என்னோடது."

சேதி கேட்டு அவள் அப்பா கடையை விட்டுவிட்டு மாடியேறி வந்தார். அவர் போட்ட சத்தம் கீழே காக்கா கடைவரை கேட்டிருக்கும். டாக்டர் பள்ளத்தைப் பசையால் நிரப்பிப் பூசிக் கொடுத்தார். மற்ற பிராக்கெட்டுகள் அப்படியே இருந்தன. "மிச்சத்த நாங்க வேற எடத்துல பாத்துக்கறோம்," என்று சொல்லி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அன்று தொடங்கிய டாக்டருடைய தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல. "வேற எடத்துல எவனாச்சும் இதே மாதிரி புடுங்குவான்லா. மிச்சப் பல்லும் போயிரும்," என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அவர் அம்மா தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டியவர். வெட்டு ஆழமாகிப்போய் மரத்தில் காயம் பட்டால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அம்மாவைக் கூப்பிட்டு அந்த மரத்தின் முன்னால் நிறுத்தி ஏசுவாராம். "மரத்துக்காச்சும் பட்ட திரும்ப வளரும். பல்லு வளராதுமா," என்றார் ஒருநாள், யாரும் கேட்காதபோதே.

வேடிக்கை என்னவென்றால், எதற்கும் காத்திருக்கத் தெரியாத அந்த மனிதர் எங்கள் எல்லாரையும் காக்க வைத்தார். பல் சரியாகிவிட்ட பெண்கள் எடுக்கச் சொல்லி வருவார்கள். "அடுத்த வாரம் பாப்போம்" என்பார். அடுத்த வாரம் வந்தால் மறுபடி அதே பதில். மாடிப்படியில் அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு இறங்குவதை நான்தான் கேட்க வேண்டும். அந்த வரிசையில் நானும் ஒருத்தி. எனக்குப் பக்கத்து ஊரான மந்தினில் மாப்பிள்ளை பார்த்து, தேதி குறித்தாகிவிட்டது.

"மணவறையில பல்லுல பீங்கான ஒட்டிக்கிட்டா ஒக்காரப்போற? போட்டோவுல எப்படிடி இருக்கும்?" என்று அம்மா தினமும் ஆரம்பித்துவிடுவாள்.

"அவரு பயப்படுறாரும்மா."

"ஒட்டறப்ப பயப்படலியாமா?"

அவர் சும்மா இருந்திருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். சும்மா இருக்கிற ஆளா அவர்? பிடுங்கிய பற்களை நோயாளிகளிடம் கேட்டு வாங்கி உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தார். அவற்றைச் சுண்ணச் சாந்தில் வரிசையாக நட்டு, ஒவ்வொன்றின் மேலும் பீங்கான் பிராக்கெட் ஒட்டி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு விதமாக எடுத்துப் பார்ப்பார். இடுக்கியைப் பசை இருக்கும் கோட்டில் வைத்து மெல்ல நெருக்கினார். சிலது சுத்தமாக வந்தது, சிலது நொறுங்கியது, ஒன்று மறுபடியும் சில்லோடு வந்தது. "சிலது போதாதுமா, எல்லாம் வரணும்," என்று இடுக்கியைத் தட்டில் எறிந்தார்.

பிறகு சூடு. பசையைச் சூடாக்கினால் இளகிவிடும் என்று எங்கோ படித்தார். அதற்கென்று இருக்கும் மெஷின் இங்கே கிடைக்காது. பொறுக்குமா அவருக்கு? பக்கத்து ரேடியோ கடைக்கு ஓடி, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை வாங்கி வந்தார். அதன் முனையை பிராக்கெட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்தால், வெண்ணெயில் கத்தி போவது போல பிராக்கெட் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு சில்லு இல்லை, ஒரு கீறல் இல்லை. நான் கைதட்டிவிட்டேன். என் கல்யாணப் போட்டோவே கண்முன்னால் வந்துவிட்டது.

"கைதட்டாத. செத்த பல்லு சுடுதுன்னு சொல்லாது," என்றார்.

அதற்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் கோரைப் பல்லின் மேலேயே ஒரு பிராக்கெட்டை ஒட்டிக்கொண்டார். மறுநாள் என் கையில் கண்ணாடியைக் கொடுத்து முன்னால் பிடிக்கச் சொல்லி, சூட்டுக்கோலைத் தன் வாய்க்குள் கொண்டுபோனார். பசை இளகுவதற்குள்ளாகவே துள்ளி எழுந்தார். கோல் கீழே விழுந்து தரை விரிப்பைப் பொசுக்கியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பல்லுக்கு உள்ளே இருக்கும் உயிர் நரம்பு வெந்துபோகப் பார்த்தது என்று அப்புறம் சொன்னார். சூட்டுக்கோல் அன்று மாலையே ரேடியோ கடைக்குத் திரும்பிப் போயிற்று. பிராக்கெட் மட்டும் அவர் பல்லிலேயே தங்கிவிட்டது.

"ஒங்களுக்கு இத யாரு எடுப்பாங்க டாக்டர்?"

"மொதல்ல அந்தப் புடவக் கடப் புள்ளைக்கு எடுக்கணும். அப்புறம்தான் எனக்கு."

"அவங்கதான் வர மாட்டாங்களே."

"வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

நான் சிரித்தேன், ஆனால் அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நோயாளிகள் பல்லில் ஒரே ஒரு பொட்டு வைத்த டாக்டரைப் பார்த்துக் குழம்பினார்கள்.

அடுத்தது புதினா எண்ணெய். பிராக்கெட்டைச் சுற்றி அந்த எண்ணெயை ஊற வைத்தால் பசை கொஞ்சம் நெகிழ்கிறது என்று ஒரு சஞ்சிகையில் வந்திருந்தது. உப்புத் தண்ணீர்ப் பற்களுக்கு அவர் எண்ணெய்ப் பஞ்சு வைத்துக் காத்திருந்தார். காத்திருந்தார் என்றால், அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். இந்தச் சேதியை நான் வீட்டில் சும்மா வாய்விட்டுவிட்டேன். எங்கள் தோட்டத்தில் தலைவலி, வயிற்றுவலி, பூச்சிக்கடி, பேய்பிடி எல்லாவற்றுக்கும் பச்சைத் தைலம்தான். அதைத் திறந்தால் புதினா வாசம் வரும். அம்மாவுக்கு அது போதாதா?

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாடி? நம்ம தைலத்துல இல்லாத புதினாவா?"

காலையில் பல் விளக்கியதும் என்னை உட்காரவைத்து, தைலத்தில் நனைத்த பஞ்சை ஈறு ஓரம் முழுக்கத் திணித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "எரிஞ்சாத்தான் எளகும்," என்றாள். அத்தோடு விட்டாளா? குழாயடியில் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து கிராணி வீட்டுக்குப் போய், அங்கிருந்து பஸ் ஏறி டவுனுக்கும் போய்விட்டது. நான் உதடு தடித்துப்போய்க் கிளினிக்குக்கு வந்தால், எனக்கு முன்பே மாடிப்படியில் இரண்டு பெண்கள் வாயைத் திறந்து காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் நிற்க முடியவில்லை, அவ்வளவு தைல வாடை. பிராக்கெட் ஒன்றுகூட அசைந்திருக்கவில்லை.

டாக்டர் என் உதட்டைப் பிரித்து ஈறைப் பார்த்தார். தோல் உரிந்து வெளுத்திருந்தது. கால் நின்றுவிட்டது. எனக்கு எரிச்சலைவிட அதுதான் பயமாக இருந்தது.

"நான் இழுத்தடிச்சதாலதான் இந்தக் கதி," என்றார் மெதுவாக. "ஈறு ஆறட்டும். ஒனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்துடறேன். அரச்சே எடுத்துடறேன்."

அரைப்பது கடைசி வழி. பிராக்கெட்டைப் பிடுங்காமல், வைரத்தூள் பூசிய முனையால், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே, மேலிருந்து பொடிப்பொடியாகத் தேய்த்துக் கரைத்துவிடுவது. பல்லை இழுக்க வேண்டாம், சில்லு பேராது. ஆனால் பீங்கான் கடினம், முனை தேயும், நேரம் பிடிக்கும். விடாமல் தேய்த்தால் சூடேறும், அப்போது சூட்டுக்கோல் கதைதான். அவரை மாதிரி அவசரக்காரருக்கு ஆகாத வேலை என்று அவரே அதுவரை ஒதுக்கி வைத்திருந்தார். எனக்கும் நம்பிக்கை இல்லை. இந்தக் குணத்தோடு அரைக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து தே குடிக்கப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

அந்த நாளும் வந்தது. எத்தனை பேருக்கு வாயில் உறிஞ்சுகுழாய் பிடித்திருக்கிறேன், அன்று அதே நாற்காலியில் நான் படுத்திருந்தேன். அவர் மனைவி அம்பாங்கானில் இருந்த வீட்டிலிருந்து வந்து குழாய் பிடித்தார். டிரில் கீச்சென்று கத்தியது. உடனே நின்றது. தண்ணீர் பீய்ச்சியது. மறுபடி கீச், மறுபடி நிறுத்தம். டிரிலை ஓட்டும் மிதி அவர் வலது காலடியில் இருந்தது. கால் எப்போதும்போல ஆடிக்கொண்டிருந்தது. அழுத்தும்போது முனை பிராக்கெட்டைத் தொடும், தூக்கும்போது விலகும், அந்த இடைவெளியில் பல் ஆறும். விடாமல் அழுத்திப் பிடிக்க அந்தக் காலுக்குத் தெரியாது. ஒரு நொடிகூட என் பல்லில் சூடு தெரியவில்லை.

அவருக்கும் அது பாதியில்தான் உறைத்தது என்று நினைக்கிறேன். டிரிலை நிறுத்தி, குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"கால ஆட்டாதீங்கன்னு சொல்லியே என் ஆயுசு பாதி போச்சு. இப்ப ஆட்டித் தொலைங்க," என்றார் மனைவி.

வாயில் குழாயோடு சிரிக்க முடியாமல் எனக்குப் புரையேறியது. காலை முழுவதும் போயிற்று. மதியம் தாண்டியது. தே வந்து ஆறி, ஆடை கட்டிக் கிடந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பசையையும் சுரண்டி, மெருகேற்றி, விளக்கைப் பல்லுக்கு நேராகத் திருப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. கண்ணாடியை என் கையில் கொடுத்தார். நான் அழுதுவிட்டேன். பல்லுக்காகவா அவருக்காகவா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஒங்களுதையும் யார்கிட்டயாச்சும் எடுத்துக்கலாமே," என்றார் மனைவி.

அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

கல்யாணத்துக்கு லீவு எடுப்பதற்கு முன்னால், கூறைப் புடவை எடுக்க அம்மாவோடு டவுனுக்கு வந்தேன். எத்தனையோ கடை இருக்க, நான்தான் வேண்டுமென்றே அந்தக் கடைக்கு இழுத்துப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினாள். அந்தக் கை எனக்கு நன்றாகத் தெரிந்த கை. பிராக்கெட்டுகள் அப்படியே இருந்தன. வேறு டாக்டர் யாரும் தொடத் துணியவில்லையாம். பழைய டாக்டரிடமே போ என்று சொன்னார்களாம், அப்பா விடவில்லையாம்.

நான் அவள் அப்பாவுக்கும் தெரியும்படி பல்லெல்லாம் காட்டிச் சிரித்தேன். "இதே பீங்கான்தான் எனக்கும் இருந்துச்சு. பாருங்க, ஒரு கீறல் இல்ல. அவரு ஒங்க புள்ளைய நெனச்சு நெனச்சே வழி கண்டுபிடிச்சாரு. வர்றதும் வராததும் ஒங்க இஷ்டம்."

அவர் புடவையை மடித்துக்கொண்டே இருந்தார். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். நாங்கள் புடவையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு கல்யாணம் வரை நான் கிளினிக் பக்கம் போகவில்லை. ஆனால் மஞ்சள் பூசும்போதும் மருதாணி வைக்கும்போதும் மனசு அந்த மாடிப்படியிலேயே கிடந்தது.

கல்யாணம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. தாலி கட்டி முடிந்து, எல்லாரும் அட்சதை போட்டுவிட்டுப் பந்திக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் டாக்டர் வந்தார். மாப்பிள்ளை கையைப் பிடித்துக் குலுக்கினார். இனி திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பி, சிரி என்று விரலால் காட்டினார். மணப்பெண் தலை குனிந்திருக்க வேண்டும் என்பதை மறந்து நான் வாய்நிறையச் சிரித்தேன். அவரும் சிரித்தார். கோரைப் பல் வெறுமையாக இருந்தது. பிராக்கெட் இல்லை.

"அந்தப் புள்ள வந்துச்சா?" என்றேன்.

"அப்பாவே கூட்டிட்டு வந்தாரு. ஒரு சில்லு போவல. நேத்துதான் மந்தின்ல பல் டாக்டரா இருக்கற நம்ம கூட்டாளி எனக்கு எடுத்து விட்டான்," என்றார். "பசிக்குதுமா. சாப்பாடு எந்தப் பக்கம்?"

கொட்டகையில் நீண்ட மேசையின் நடுவில் போய் உட்கார்ந்தார். சாம்பார் வந்தது, ரசம் வந்தது, பாயசம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மோருக்காக இலையைக் காட்டிக் காத்திருந்தார். மேசைக்கு அடியில் அந்த வலது கால் மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு அடங்கியது.